தூரத்திலிருந்து இயக்குதல்

(இளைஞர் சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். விண்மீன்களைப் பற்றியோ அணுவைப் பற்றியோ பேசினால் கேட்பதற்கு இன்பமாக இருக்கும். ஆனால் கேட்டபின் வீட்டுக்குப் போய்ச் செய்துபார்க்க அவற்றில் ஒன்றுமில்லை. ஆகவே, இங்குள்ள இளைஞர் சிலர் ஏற்கெனவே தம் மேசைகளில் வைத்து ஆராய்ந்துகொண்டிருக்கும் ஒரு சிறு பொருளையே இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டோம். தீப்பெட்டி அளவினதான ஒரு மின்பலகை; அதன்மேல் ஒரு நுண்கட்டுப்படுத்தி. கைத்தொலைபேசியிலோ கணினியிலோ உள்ள இணைய உலாவியைத் திறந்து, அதில் தோன்றும் பொத்தானைத் தொட்டால், எங்கோ இருக்கும் அப்பலகை ஒரு விளக்கை ஏற்றும். ஒரு நீர்ப்பம்பியை இயக்கும். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் உண்டென்று திருப்பிச் சொல்லும். இது எவ்வாறு நடைபெறுகின்றது, இதனைச் செய்வோர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பனவே நாம் சொல்லப் புகுவன.

பெரியோர் சிலர், "எழுந்துபோய் ஆளியைத் தட்டுவதற்கு இத்தனை ஆரவாரமா? பிள்ளைகளைச் சோம்பேறிகளாக்கும் வித்தையல்லவா இது?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதனை ஒதுக்கிவிடாது, பேச்சின் முடிவில் விடை கூறுவோம்.

தூரத்திலுள்ள பொருளை இயக்கும் ஆசை புதியதன்று. 1898ஆம் ஆண்டிலே நிக்கோலா தெஸ்லா என்னும் அறிஞர், நியூயோர்க் நகரில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், தொட்டித் தண்ணீரில் மிதந்த சிறு படகொன்றைக் கம்பித் தொடர்பு எதுவுமின்றி வானொலி அலைகளாலே இயக்கிக் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் திகதி அதற்கான காப்புரிமையும் அவருக்குக் கிடைத்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். படகு தெஸ்லாவின் கண்முன்னேயே மிதந்தது. கட்டளை போய்ச் சேர்ந்ததா, படகு திரும்பியதா என்பதை அவர் தம் கண்ணாலேயே அறிந்தார்.

அடுத்து, சிரிப்பூட்டும் ஒரு கதை. ஆனால் உண்மைக் கதை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சியாளர் பலருக்குக் கோப்பிப் பாத்திரம் ஒன்றே இருந்தது. வேறு மாடிகளிலிருந்து படி நடந்து வந்து பார்த்தால், பல வேளைகளில் பாத்திரம் வெறுமையாயிருக்கும். ஆகவே 1991இல் அதற்கு முன்னே ஒரு கமராவைப் பொருத்தி, அதன் படத்தைத் தத்தம் கணினித் திரையிலே பார்க்க வழிசெய்தனர். அதற்குச் சற்று முன்னர்தான், சுவிற்சர்லாந்தின் சேர்ண் ஆய்வுநிலையத்தில் ரிம் பேர்ணர்ஸ் லீ என்பவர் 1989இல் உலகளாவிய வலையை முன்மொழிந்து, 1990இல் முதலாவது உலாவியையும் ஆக்கியிருந்தார். 1993இல் அந்தக் கோப்பிப் பாத்திரமும் வலையில் ஏறியது. 2001இல் கமரா நிறுத்தப்படும்வரை, கேம்பிரிட்ஜைக் கனவிலும் காணாதவர்கள்கூட அப்பாத்திரத்தைக் கண்டார்கள். ஆயினும் அவர்களாற் பார்க்க முடிந்ததேயன்றி, அதில் ஒரு துளி கோப்பியேனும் ஊற்ற முடியவில்லை.

காண்பதும் செய்வதும் சீக்கிரத்தில் ஒன்றுசேர்ந்தன. தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் கென் கோல்ட்பேர்க் என்பவரும் அவருடைய குழுவினரும் 1994இல், மணல் நிரப்பிய ஒரு பெட்டியின்மேல் இயந்திரக் கையொன்றை நிறுவி, வலைவழி வருவோர் அதனை நகர்த்தவும், காற்றை ஊதி மணலிற் புதைந்த பொருள்களை வெளிப்படுத்தவும் செய்தனர். அடுத்த ஆண்டு மணலுக்குப் பதிலாக ஒரு சிறு தோட்டமே அமைத்தனர். 'ரெலிகார்டன்' என்பது அதன் பெயர். உலகின் எப்பகுதியில் இருப்பவரும் உலாவி வழியே இயந்திரக் கையை ஏவி, விதை நடலாம், தண்ணீர் ஊற்றலாம், முளை வந்ததா என்று படத்திற் பார்க்கலாம். 1996இல் அது ஒஸ்திரியா தேசத்து லின்ஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 2004 வரை அங்கே இருந்தது. தெஸ்லாவின் படகில் செயல் இருந்தது. கோப்பிப் பாத்திரத்திற் காட்சி இருந்தது. தோட்டத்தில் இரண்டும் இருந்தன. கட்டளை போகவேண்டும், செய்தி திரும்பி வரவேண்டும் என்னும் இவ்விரண்டுமே இக்கலையின் இரு கைகள்.

அக்காலத்தில் இதற்குப் பெரிய ஆய்வுகூடமும் பெரும் பணமும் வேண்டியிருந்தன. இன்று பாடசாலை மாணவன் ஒருவன் மேசையிலே செய்கின்றான். இம்மாற்றத்துக்குக் காரணம் நுண்கட்டுப்படுத்தியே. கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு தொடர்புகொள்ளும் முனைகள் ஆகிய மூன்றும் ஒரே சில்லில் அடங்கியிருப்பது அதன் இலக்கணம். துணி துவைக்கும் இயந்திரத்திலும் மோட்டார் வாகனத்திலும் அது நெடுங்காலமாகவே மறைந்திருந்து தொழில் புரிகின்றது. அதனைச் சாதாரண மாணவரின் கைக்குக் கொண்டுவந்த பெருமை ஆர்டுயினோ என்னும் பலகைக்கு உரியது. 2005இல் இத்தாலியின் இவ்றேயா நகரில், வடிவமைப்புப் பயிலும் மாணவருக்காக அது ஆக்கப்பட்டது. அவ்வூர் மதுச்சாலை ஒன்றின் பெயரே அதற்கு வாய்த்தது. அவ்வினத்தில் மிகவும் பரவிய 'ஊனோ' பலகையின் சில்லில், செய்நிரலைக் காக்க 32 கிலோபைற்றும், வேலை நினைவகமாக 2 கிலோபைற்றும் உண்டு. ஆனால் வலையமைப்போடு பேசும் ஆற்றல் அதற்கு இயல்பாக இருக்கவில்லை.

அக்குறையைத் தீர்த்தவை ஷாங்காய் நகரத்து எஸ்பிறெசிவ் நிறுவனத்தின் சில்லுகள். 2014இல் ஈ.எஸ்.பி.8266 என்பதும், 2016இல் ஈ.எஸ்.பி.32 என்பதும் வெளிவந்தன. இரண்டாவதன் வேலை நினைவகம் 520 கிலோபைற். 1969இல் மனிதரைச் சந்திரனில் இறக்கிய அப்பலோ ஓடத்தின் வழிகாட்டிக் கணினியில், அழித்தெழுதக்கூடிய நினைவகம் ஏறக்குறைய 4 கிலோபைற் அளவினதே. சந்திரனுக்குப் போகப் போதுமாயிருந்ததைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்டதை இன்று சட்டைப்பையிற் போட்டுக்கொண்டு திரிகின்றோம். அதனைக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

இனி, அது வேலைசெய்யும் முறையைப் பார்ப்போம். பலகையை வீட்டிலுள்ள வைபை வலையமைப்பிலே சேர்த்தவுடன், றவுட்டர் அதற்கு ஓர் எண்முகவரி கொடுக்கும். அது 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். (மேலே சொன்ன இரு சில்லுகளும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைபையில் மாத்திரம் பேசுவன. 5 கிகாஹேர்ட்ஸில் அவற்றைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம்.) நாம் எழுதி ஏற்றிய செய்நிரல், பலகையின் 80ஆம் இலக்க வாயிலிலே காவலிருக்கும். நாம் உலாவியில் அம்முகவரியை எழுதியதும், உலாவி சென்று கதவைத் தட்டி, "உன் பக்கத்தைக் காட்டு" என்று கேட்கும். பலகை தன் நினைவகத்தில் வைத்திருக்கும் சிறு பக்கத்தை அனுப்பும். அதில் 'ஏற்று', 'அணை' என இரு பொத்தான்கள். நாம் 'ஏற்று' என்பதைத் தொட, உலாவி மீண்டும் ஒரு வேண்டுகோளை அனுப்பும். பலகை அதை வாசித்து, தன் முனைகளுள் ஒன்றை 3.3 வோல்ற் அழுத்தத்துக்கு உயர்த்தும். அம்முனையில் 330 ஓம் தடையோடு ஒளிகாலும் இருவாயி ஒன்று இணைக்கப்பட்டிருந்தால், அது ஒளிரும். பின்னர் பலகை, "ஏற்றினேன்" என்று மறுமொழி அனுப்பும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். தொலைபேசிக்கெனத் தனியாக ஒரு செயலி எழுத வேண்டியதில்லை. உலாவி எவரிடத்தும் உண்டு. இந்த வழியின் விசேட நன்மை அதுவே.

இதுவரை எளிது. ஓர் இளைஞர் ஒரு மாலைப்பொழுதிலே செய்து முடிக்கலாம். விளக்கு எரிந்ததும், "கற்றுக்கொண்டோம்" என்று எழுந்துவிடுதலும் இயல்பு. ஆனால் விளக்குக்குப் பதிலாகக் கிணற்றுப் பம்பியை வைக்கும்போது கதை வேறாகின்றது. கண்முன் இல்லாத ஒன்றை இயக்குபவன், கண்முன் உள்ளதை இயக்குபவனைவிடப் பன்மடங்கு பொறுப்புடையவன். அப்பொறுப்பை ஐந்து பகுதிகளாக வகுத்துச் சொல்வோம்.

முதலாவது, கட்டளை தெளிவாயிருத்தல். சிலர் ஒரே பொத்தானை வைத்து, "எரிந்தால் அணை, அணைந்தால் ஏற்று" என்று எழுதுவர். அது சுவரிலுள்ள ஆளிக்குப் பொருந்தும், தூரத்துக்குப் பொருந்தாது. மறுமொழி தாமதிக்கிறதேயென்று ஒருவர் இருமுறை தொட்டால், முதற்கட்டளை ஏற்றியதை இரண்டாவது கட்டளை அணைத்துவிடும். தகப்பனும் மகனும் இரு தொலைபேசிகளில் ஒரே வேளையிலே தொட்டாலும் இதே கதிதான். 'ஏற்று' எனவும் 'அணை' எனவும் தனித்தனியே கட்டளை அமைத்தால், பத்து முறை தொட்டாலும் முடிவு ஒன்றே. அன்றியும், உலாவி ஒரு பக்கத்தைக் கேட்பதற்கு 'கெற்' என்ற முறையும், ஒரு காரியத்தைச் செய்யச் சொல்வதற்குப் 'போஸ்ற்' என்ற முறையும் உண்டு. இயந்திரத்தை இயக்கும் கட்டளையைக் 'கெற்' முறையில் வைக்கலாகாது. உலாவி தானாகவே பழைய பக்கத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கம் உடையது. நாம் தொலைபேசியைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் பம்பி ஓடத்தொடங்கினால் யாரை நோவது?

இரண்டாவது, திரும்பி வரும் செய்தி உண்மையாயிருத்தல். பலகை "ஏற்றினேன்" என்று சொல்வது, முனையை உயர்த்தினேன் என்ற அளவிலே உண்மை. பம்பி ஓடியதா? கம்பி அறுந்திருக்கலாம், உருகி போயிருக்கலாம், கிணற்றில் தண்ணீர் வற்றியிருக்கலாம். திரையிலே பச்சை நிறம் தோன்றும். தோட்டத்திலோ வாய்க்கால் காய்ந்து கிடக்கும். ஆகவே பம்பிக்குச் செல்லும் மின்னோட்டத்தை அளக்கும் உணரியையோ, குழாயில் ஓடும் நீரை அளக்கும் உணரியையோ பொருத்தி, அது காட்டுவதைத்தான் திரையிலே காட்ட வேண்டும். நாம் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. இவ்விரண்டையும் வேறுவேறாகக் காட்டும் பக்கமே நேர்மையான பக்கம்.

மூன்றாவது, தொடர்பு அற்றபோது நடப்பது. பம்பியை இயக்கிவிட்டோம், உடனே வைபை போய்விட்டது. நிறுத்தும் கட்டளை போய்ச் சேராது. கிணறு வற்றியபின்னும் பம்பி வெறுமனே சுழன்றால், மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும். ஆகவே நிறுத்தும் அறிவு தூரத்திலுள்ள மனிதனிடத்தில் மாத்திரம் இருத்தல் கூடாது. பலகையிடத்திலும் இருக்க வேண்டும். "அரை மணி நேரத்துக்குமேல் ஓடாதே, நீரோட்டம் நின்றால் உடனே நில், மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், புதிய கட்டளை வரும்வரை அசையாதே" என்ற விதிகளை அதனுள்ளேயே எழுதிவைக்க வேண்டும். செய்நிரல் எங்கேனும் சிக்கி நின்றுவிட்டால் பலகையைத் தானாகவே மீளத் தொடக்கும் காவற் கடிகாரம் ஒன்று இச்சில்லுகளில் உண்டு. அதனையும் பயன்படுத்த வேண்டும். பலகை விழித்தெழும் கணத்தில் சில முனைகள் தாமாகவே உயர்ந்து தாழும். அத்தகைய முனைகளிற் பம்பியை இணைக்கலாகாது.

நான்காவது, மின்சாரம். இதனைச் சொல்லும்போது இளைஞர்கள் நன்றாகக் காதுகொடுக்க வேண்டும். பலகையின் 3.3 வோல்ற் நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் நம் வீட்டுச் சுவரிலே வருவது 230 வோல்ற். அது உயிரைக் கொள்ளும். இரண்டுக்கும் இடையே நிற்பது றிலே என்னும் சிறு சாதனம். சிறு மின்னோட்டம் அதன் சுருளைக் காந்தமாக்க, அக்காந்தம் பெரிய மின்னோட்டத்தின் ஆளியை மூடும். கடைகளிற் கிடைக்கும் சிறு றிலேக்களில் 10 அம்பியர் என்று எழுதியிருக்கும். ஒரு குதிரைவலுப் பம்பி ஓடும்போது அதற்குள் அடங்கினாலும், புறப்படும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். றிலேயின் தொடுகைகள் அந்தப் பொறியில் ஒட்டிக்கொண்டால், 'அணை' என்ற கட்டளை எத்தனை முறை வந்தாலும் பம்பி நில்லாது. ஆகவே சிறு றிலே ஒரு பெரிய தொடுகைச் சாதனத்தை இயக்க, அதுவே மோட்டாரை இயக்குதல் தகும். அப்பகுதி வேலையைத் தகுதிபெற்ற வயர்மன் ஒருவரிடம் ஒப்படையுங்கள். கிணற்றடியில் கையால் நிறுத்தக்கூடிய பழைய ஆளியும் இருந்தபடியே இருக்கட்டும். யாரும் தூரத்திலிருந்து பொத்தானைத் தொடக்கூடும் என்பதனால், பம்பியைக் கழற்றித் திருத்துபவர் முதலில் அந்த ஆளியைத் திறந்து, மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே கைவைக்க வேண்டும்.

ஐந்தாவது, காவல். வீட்டினுள்ளே மாத்திரம் பயன்படுத்தும்வரை, வைபையின் கடவுச்சொல் ஓரளவுக்குக் காப்பாகும். வெளியூரிலிருந்தும் இயக்க விரும்பினால் என்ன செய்வது? றவுட்டரிலே ஒரு வாயிலைத் திறந்து, வெளியார் நேரே பலகையை வந்தடைய வழிவிடலாம். பலர் அப்படிச் செய்கின்றனர். அது தெருக்கதவைத் திறந்துவைத்துவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும். 2016இல் 'மிறாய்' என்று பெயர் பெற்ற தீய செய்நிரல் ஒன்று, இணையத்தோடு இணைந்த கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தேடிப் பிடித்தது. அது பெரும் வித்தை எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையிலே இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவர்களின் சாதனங்களில், அறிந்த சில கடவுச்சொற்களை இட்டுப் பார்த்தது, அவ்வளவே. அவ்வாறு கைப்பற்றிய பல்லாயிரம் சாதனங்களை ஏவி, அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, வலைத்தளங்களின் பெயர்களை எண்முகவரிகளாக மாற்றித்தரும் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தை நிலைகுலையச் செய்தார்கள். பெயர்பெற்ற பல தளங்கள் அன்று திறக்கவில்லை. தம் கமராதான் அக்காரியத்திற் பங்குகொண்டது என்பதை உரியவர்கள் அறியவேயில்லை. நம் வீட்டுப் பலகையின் கடவுச்சொல் நம் வீட்டுக் காரியம் மாத்திரமன்று என்பது இதனாற் தெளிவாகும்.

இதற்கு நல்ல வழி வேறொன்று உண்டு. வெளியாரை உள்ளே அழைப்பதற்குப் பதிலாக, பலகையே வெளியே சென்று ஒரு தபாற் கந்தோரிலே தன்னைப் பதிந்துகொள்வது அவ்வழி. எம்.கியூ.ரி.ரி. என்னும் முறை அவ்வாறு அமைந்தது. எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியே கண்காணிப்பதற்காக 1999இல் அன்டி ஸ்ரான்போர்ட் கிளாக், ஆர்லன் நிப்பர் என்னும் இருவர் அதனை வகுத்தனர். நம் உலாவியும் அதே கந்தோருக்குச் செல்லும். நாம் இட்ட கட்டளையைக் கந்தோர் பலகையிடம் சேர்க்கும். பலகை தரும் செய்தியை நம்மிடம் சேர்க்கும். வீட்டுக் கதவு பூட்டியபடியே இருக்கும். போகும் வழியில் எவரும் வாசியாதவாறு செய்திகளை மறைகுறியாக்கியும் அனுப்பலாம். இம்முறையில் எமக்கு மிகவும் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. பலகை பதியும்போதே, "நான் பேச்சு மூச்சின்றிப் போனால், இச்செய்தியை எல்லோருக்கும் அறிவி" என்று ஒரு மரணசாசனம் எழுதிக் கந்தோரிற் கொடுத்துவைக்கலாம். பின்னர் அது மறைந்துவிட்டால், நம் திரையிலே "பலகையோடு தொடர்பில்லை" என்று கந்தோர் அறிவிக்கும். மௌனத்தை நலமென்று நாம் எண்ணி ஏமாறாமல் இருக்க அது உதவும்.

இனி, பெரியோரின் கேள்விக்கு வருவோம். இது சோம்பலை வளர்க்குமா? பத்தடி தூரத்திலுள்ள விளக்கை அணைப்பதற்கே இதனைப் பயன்படுத்தினால், வளர்க்கும், ஐயமில்லை. ஆனால் காணி ஓரிடத்திலும் வீடு வேறிடத்திலுமாக இருப்பவரை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் தூரதேசம் போய்விட, தனியே இருக்கும் முதியோரை எண்ணிப் பாருங்கள். தொட்டி நிரம்பிற்றா என்று ஏணியில் ஏறிப் பார்க்கும் எழுபது வயதுத் தாயாருக்கு, அடுக்களையில் இருந்தபடியே அதனை அறிவது சோம்பலன்று, பாதுகாப்பு.

இன்னுமொரு காரணமும் உண்டு. இத்தகைய சாதனங்கள் பெட்டியில் அடைத்துக் கடையிலும் விற்கப்படுகின்றன. வாங்கி மாட்டினாற் போதும். அப்படியிருக்க, நம் பிள்ளைகள் ஏன் கையைச் சுட்டுக்கொண்டு ஈயம் உருக்க வேண்டும்? அமெரிக்காவில் 'றிவோல்வ்' என்ற வீட்டுச் சாதனம் விற்கப்பட்டது. விளக்கு, கதவு முதலியவற்றைத் தொலைபேசியால் இயக்குவது அது. அந்நிறுவனத்தை வேறொரு நிறுவனம் 2014இல் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவையகத்தை நிறுத்திவிட்டார்கள். முழு விலை கொடுத்து வாங்கியவர்களின் கைகளில் அச்சாதனம் வெறும் பெட்டியாய் நின்றது. கெட்டுப்போகவில்லை, உடையவும் இல்லை. அதன் உயிர் வேறொருவர் கையில் இருந்தது, அவர் எடுத்துக்கொண்டார். தானே செய்த பலகையை உடையவனுக்கு அந்தக் கதி இல்லை. அவனுடைய பக்கம் அவனுடைய பலகையிலேயே இருக்கின்றது. பழுதானால் எங்கே பார்க்க வேண்டுமென்று அவன் அறிவான். பொத்தானை அழுத்த அறிந்தவர் உலகத்திற் கோடிக்கணக்கானோர். அழுத்தியபின் என்ன நடக்கின்றது என்று அறிந்தவர் சிலரே. நம் இளைஞர் அச்சிலருள் இருக்க வேண்டும் என்பதே எம் அவா.

ஆகவே இளைஞர்களே, ஒரு பலகையையும் ஓர் ஒளிகாலும் இருவாயியையும் வைத்துத் தொடங்குங்கள். விளக்கு எரிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். வைபையை வேண்டுமென்றே துண்டித்துப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுங்கள். இருவராகச் சேர்ந்து ஒரே வேளையிற் பொத்தானைத் தொடுங்கள். அப்பொழுதும் அது ஒழுங்காக நடந்தால் மாத்திரம் அடுத்த படிக்குச் செல்லுங்கள். உங்கள் கடவுச்சொல்லை மாற்றுங்கள். 230 வோல்ற் உள்ள இடத்தில், அறிந்த பெரியவர் ஒருவர் அருகில் நிற்காமற் கைவைக்காதீர்கள். நீங்கள் எழுதிய செய்நிரலைத் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் வாசித்து விளக்குங்கள். விளக்க முடியாத பகுதி நீங்கள் இன்னும் கற்காத பகுதியாகும்.

பெரியோர்களே, உங்கள் வீட்டு மேசையிலே கம்பிகளும் சிறு விளக்குகளும் பரந்துகிடக்கக் கண்டால், விளையாட்டென்று கடிந்து ஒதுக்கிவிடாதீர்கள். அருகே அமர்ந்து, "கட்டளை போய்ச் சேர்ந்ததென்று உனக்கு எப்படித் தெரியும்? தொடர்பு அறுந்தால் என்ன ஆகும்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். இலத்திரனியல் கற்றிராதவரும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. விடை சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் கிணற்றுப் பம்பியை நம்பி ஒப்படைக்கலாம். விடை தெரியாத பிள்ளை அன்றிரவே விடை தேடத் தொடங்கும். இரண்டும் நன்மையே.